இயங்கும் பொறியைப் புதுக்குதல்: துணிக்கை ஆர்முடுக்கியின் கட்டுப்பாட்டுத் தொகுதி பற்றிய ஒரு நோக்கு

பெருவிஞ்ஞானம் என வழங்கப்படும் ஆய்வு முயற்சிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவற்றின் கண்டுபிடிப்புகளையே எடுத்துரைப்பர். 1995இல் அமெரிக்காவின் பெர்மி ஆய்வுகூடத்தில் உச்சிக் குவார்க்கு கண்டறியப்பட்டமையும், 2012இல் ஜெனீவாவை அடுத்துள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ஹிக்ஸ் துணிக்கை கண்டறியப்பட்டமையும் இன்று பாடநூற் செய்திகளாகிவிட்டன. ஆனால், அக்கண்டுபிடிப்புகளுக்கு உதவிய பொறிகளை இரவுபகலாக இயக்கியோர் யாவர், அவர்கள் கையாண்ட சாதனங்கள் யாவை, அச்சாதனங்கள் பழமையடைந்தபோது நிகழ்ந்தது யாது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஓர் ஆய்வுகூடத்தின் எதிர்காலமோ பெரிதும் இவ்வினாக்களிலேயே தங்கியுள்ளது. பெர்மி ஆய்வுகூடத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பழைய கட்டுப்பாட்டுத் தொகுதியொன்றைப் புதுக்குதல் என்பதன் பொருளை விளக்க முற்படுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டுப்பாட்டுத் தொகுதி என்பது யாது?

இலினோய் மாநிலத்தில், சிக்காகோ நகருக்கு மேற்கே, பெர்மி ஆய்வுகூடம் 1967இல் தாபிக்கப்பட்டது. அங்கு புரோத்தன்கள் ஒரே பொறியில் முழுச் சத்தியையும் பெறுவதில்லை. முதலில் நேர்கோட்டு ஆர்முடுக்கியொன்று அவற்றை 40 கோடி இலத்திரன்வோல்ற்றுச் சத்திக்கு உயர்த்துகின்றது. அடுத்துள்ள வளையம், செக்கனுக்கு 15 தடவை என்ற வீதத்தில் இயங்கி, 800 கோடி இலத்திரன்வோல்ற்றுக்கு உயர்த்துகின்றது. மூன்றாவதான பெருவளையத்தில் அச்சத்தி 12,000 கோடி இலத்திரன்வோல்ற்று வரை செல்கின்றது. ஒவ்வொரு கட்டத்திலும் காந்தங்களுக்குச் செல்லும் மின்னோட்டம், துணிக்கைகளை உந்தும் வானொலி மீடிறன் மின்புலம், குழாய்களினுள் நிலவும் வெற்றிடம், குளிரூட்டும் நீரின் வெப்பநிலை ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று இசைந்து நிற்றல் வேண்டும். இவற்றை அளப்பதும், மாற்றுவதும், ஒரே காலக்கணக்கிற்கு உட்படுத்துவதும் கட்டுப்பாட்டுத் தொகுதியின் பணியாகும்.

இத்தொகுதியை மூன்று அடுக்குகளாக நோக்கலாம். மேலடுக்கில், இயக்குவோர் அமரும் கட்டுப்பாட்டு மேசைகளும் அவற்றின் திரைகளும் உள்ளன. கீழடுக்கில், காந்தத்துக்கும் வெற்றிடப் பம்பிக்கும் அருகிலிருந்து அவற்றோடு நேரடியாகத் தொடர்புகொள்ளும் சிறு கணனிகளும் மின்னணுப் பலகைகளும் உள்ளன. இடையடுக்கில், எச்சாதனம் எங்குள்ளது, அதன் அளவீட்டை எவ்வாறு அம்பியராகவோ பாகையாகவோ மாற்றுவது, எந்த எல்லையைக் கடந்தால் எச்சரிக்கை எழவேண்டும் என்பவற்றைப் பதிந்துவைக்கும் தரவுத்தளம் உள்ளது. பெர்மி ஆய்வுகூடத்தில் இத்தரவுத்தளத்திற் பதிவான சாதனப் பெயர்கள் ஏறத்தாழ 2 இலட்சமாகும். ஒவ்வொரு பெயரும் பொறியின் பகுதியைக் குறிக்கும் ஓர் எழுத்திற் தொடங்கும். அதையடுத்து முக்காற்புள்ளியும் சுருக்கப் பெயரும் வரும். பல்லாண்டு அனுபவமுள்ள ஒருவர் அவ்வெழுத்துக் கோவையைக் கண்டவுடன் சுரங்கத்தின் எவ்விடத்தில் எக்காந்தம் எனக் கூறிவிடுவார். புதியவருக்கோ அது விளங்காக் குறியீடேயாகும்.

கட்டுப்பாட்டில் நேரும் சிறு பிறழ்வும் எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். பெர்மி ஆய்வுகூடத்தில் 1983 முதல் 2011 வரை இயங்கிய டெவற்றோன் என்னும் பொறியில், புரோத்தன்கள் 6 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான சுற்றளவை செக்கனுக்கு ஏறத்தாழ 47,000 தடவை வலம்வந்தன. 2003 டிசம்பரில், கற்றைக்கு அண்மையில் நகர்த்தி வைக்கப்படும் உணர்கருவியொன்று எதிர்பாராதவாறு கற்றையின் பாதைக்குள் நகர்ந்தது. கடுங்குளிரில் மின்தடையின்றி மின்னோட்டத்தைக் கடத்தும் மீகடத்து காந்தங்கள் பல, அந்நிலையை ஒருசேர இழந்தன. கட்டிழந்த கற்றை, தன் விளிம்பைச் சீவுவதற்கென வைக்கப்பட்டிருந்த உலோகத் தடைகளைச் சிதைத்தது. கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறுகிய காலத்தில் இவையனைத்தும் நிகழ்ந்து முடிந்தன. இத்தகைய பொறியின் கட்டுப்பாட்டுத் தொகுதியில் கைவைப்போர் ஏன் அஞ்சி அஞ்சியே செயற்படுகின்றனர் என்பது இதனாற் புலனாகும்.

அக்நெற்: ஒரு தொகுதியின் வரலாறு

டெவற்றோன் அமைக்கப்பட்ட காலத்தில், அதனை இயக்குவதற்கென ஆய்வுகூடத்தினர் தாமே உருவாக்கிய தொகுதி ‘அக்நெற்’ எனப்பட்டது. ஆர்முடுக்கிக் கட்டுப்பாட்டு வலையமைப்பு என்பது அப்பெயரின் பொருள். அதனை உருவாக்கியோருக்கு வேறு வழியிருக்கவில்லை; அத்துணைப் பெரும் பொறியைக் கட்டுப்படுத்தவல்ல தொகுதியெதுவும் அன்று சந்தையில் இருந்ததில்லை. தொடக்கத்தில் பீ.டீ.பீ.-11 வகைக் கணனிகளும், பின்னர் வக்ஸ் வகைக் கணனிகளும் பயன்பட்டன. இரண்டையும் ஆக்கியது டிஜிற்றல் என்னும் ஒரே நிறுவனமாகும். 1998இல் அந்நிறுவனத்தை கொம்பாக் நிறுவனம் வாங்கியது. 2000களில் ஆய்வுகூடத்தினர் தம் செய்நிரல்களை லினக்ஸ் இயக்கத் தொகுதிக்கு மாற்றினர். ஐரோப்பாவில் 1969இல் வகுக்கப்பட்ட கமாக் நியமத்துக்கு அமைந்த மின்னணுப் பேழைகளோ, அரை நூற்றாண்டு கடந்தும் பல இடங்களில் தொடர்ந்து பணியாற்றின.

இவ்வரலாறு உணர்த்துவது யாதெனில், ஆர்முடுக்கியின் ஆயுள் அதனைக் கட்டுப்படுத்தும் கணனியின் ஆயுளினும் நெடியது. சில வேளைகளில் அக்கணனியை விற்ற நிறுவனத்தின் ஆயுளினும் நெடியது என்பதாகும். சேர்ன் ஆய்வுகூடமும் இதனை அனுபவித்தது. 1976இல் இயங்கத் தொடங்கிய அதன் பெரும் புரோத்தன் வளையத்துக்கு நோர்வே நாட்டின் நோர்ஸ்க் டேட்டா நிறுவனத்தின் கணனிகள் பயன்படுத்தப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் மறைந்தது. வளையம் இன்றும் இயங்குகின்றது.

முதுமையின் மூன்று முகங்கள்

தொகுதியொன்று முதுமையடைதல் மூவகைப்படும். முதலாவது, வன்பொருளின் முதுமை. உதிரிப்பாகங்கள் கிடையாமற் போகின்றன. பழுதான பலகைக்குப் பதிலாக, கழற்றிவைத்த மற்றொரு பலகையே உதவுகின்றது. இது கண்ணுக்குப் புலனாவது. பணமிருப்பின் பெரும்பாலும் தீர்க்கத்தக்கது.

இரண்டாவது, மென்பொருளின் முதுமை. செய்நிரலிற் தேய்வதற்கு எதுவுமில்லை. ஆனால் அதனைச் சூழ்ந்த உலகம் மாறுகின்றது. போட்ரான் மொழியில் எழுதப்பட்ட செய்நிரல் அன்று போலவே இன்றும் பிழையின்றி இயங்கலாம். அதனைத் திருத்தவல்லோர் மட்டும் ஆண்டுதோறும் அருகி வருவர்.

மூன்றாவது, மிகவும் ஆழமானது. ஒரு காந்தத்தின் மின்னோட்டத்துக்கு ஏன் குறித்தவொரு எல்லை விதிக்கப்பட்டது, ஒரு செய்நிரல் ஏன் இரண்டு செக்கன் காத்திருந்த பின்னரே அடுத்த கட்டளையை அனுப்புகின்றது என்பன போன்ற காரணங்கள் எழுத்தில் இல்லை. அவை தொழினுட்பவியலாளர், இயக்குவோர், பொறியியலாளர் ஆகியோரின் நினைவில் உள்ளன. அவர்கள் ஓய்வுபெறும்போது காரணம் மறைகின்றது. விதி மட்டும் எஞ்சுகின்றது. காரணம் அறியாத விதியை மாற்றவும் துணிவு வராது. மாற்றாதிருப்பதே சரியென நிறுவவும் இயலாது.

இம்மூன்றாம் முதுமையே உலகப் புகழ்பெற்ற ஒரு கண்டுபிடிப்புக்கும் ஏதுவாயிற்று. 1980இல் ரிம் பேர்ணேர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் ஆறுமாதக் காலத்துக்குச் சேர்ன் ஆய்வுகூடத்தில் ஆர்முடுக்கிக் கட்டுப்பாட்டு மென்பொருட் பணியில் அமர்ந்தார். எச்செய்நிரல் எதனைச் சார்ந்துள்ளது, அதனை எழுதியவர் யார், அது எச்சாதனத்தில் இயங்குகின்றது என்னும் தொடர்புகளை நினைவிற்கொள்ள அவர் தமக்கென ஒரு சிறு செய்நிரலை எழுதினார். மீண்டும் அங்கு பணியேற்ற அவர் 1989இல் முன்வைத்த திட்டமும், பணியாளர் அடிக்கடி மாறுவதால் அறிவு இழக்கப்படுகின்றது என்னும் பிரச்சினையையே தொடக்கமாகக் கொண்டிருந்தது. அத்திட்டமே உலகளாவிய வலையாக வளர்ந்தது. உலகத்தையே பிணைத்த ஒரு சாதனத்தின் வேர்களுள் ஒன்று, கட்டுப்பாட்டுத் தொகுதியொன்றின் பராமரிப்புத் துன்பத்திற் காணப்படுவது மனங்கொள்ளத்தக்கது.

பொதுமொழியின் தேவை

பெர்மி ஆய்வுகூடத்தில் இன்று மாற்றத்தை வற்புறுத்தும் காரணம் பழுது மட்டுமன்று. ‘பிப்-2’ எனப்படும் திட்டத்தின்கீழ், 80 கோடி இலத்திரன்வோல்ற்றுச் சத்தி தரும் மீகடத்து நேர்கோட்டு ஆர்முடுக்கியொன்று அங்கு அமைக்கப்பட்டு வருகின்றது. 1,300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தென் டகோட்டா மாநிலத்துச் சுரங்கம் வரை நியூத்திரினோக்களை நிலத்தினூடாக அனுப்பும் பரிசோதனைக்கு இப்புதிய பொறி அடிப்படையாக அமையும். இந்தியா, பிரித்தானியா, இத்தாலி, பிரான்ஸ், போலந்து ஆகிய நாடுகள் இதற்கு வேண்டிய பாகங்களை ஆக்கி வழங்கும் பொறுப்பை ஏற்றன. பல நாடுகளில் உருவாகும் பாகங்கள் ஒரே பொறியாக இயங்க வேண்டுமெனின், அவற்றை ஆக்குவோர் அனைவரும் அறிந்த கட்டுப்பாட்டு மொழியொன்று தேவை. ஓர் ஆய்வுகூடத்துக்கு மட்டுமே உரிய அக்நெற் அத்தகைய மொழியாக முடியாது. எனவே பிப்-2 திட்டம் ‘எபிக்ஸ்’ எனப்படும் தொகுதியைத் தழுவியது.

எபிக்ஸின் பிறப்பு வரலாறு விந்தையானது. 1980களில் அமெரிக்க அரசு முன்னெடுத்த விண்வெளிப் போர்த் தடுப்புத் திட்டத்தின்கீழ், லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் சோதனை ஆர்முடுக்கியொன்று அமைக்கப்பட்டது. அதற்கென எழுதப்பட்ட கட்டுப்பாட்டு மென்பொருளை ஆகோன் தேசிய ஆய்வுகூடத்தினர் தமது ஊடுகதிர்ப் பொறிக்கென ஏற்று, இரு ஆய்வுகூடங்களும் இணைந்து வளர்த்தன. ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. வலையமைப்பில் அப்பெயரைக் கூறி எவரும் வினவலாம். அதற்குரிய கணனி எதுவோ அது விடையளிக்கும். அதன் அடிப்படைக் கோட்பாடு இவ்வளவே. 2004இல் அது திறந்த உரிமத்தின்கீழ் அனைவருக்கும் வழங்கப்பட்டது. ஜோர்தானில் 2017இல் திறந்துவைக்கப்பட்ட செசமி ஆய்வுகூடமும் எபிக்ஸையே பயன்படுத்துகின்றது. ஈரான், இஸ்ரேல், பாலஸ்தீனம், பாகிஸ்தான் முதலியன ஒருங்கே உறுப்புரிமை பெற்ற நிலையம் அது. படைக்கல ஆராய்ச்சியிற் பிறந்த கருவியொன்று, பகைமை கொண்ட நாடுகளின் அறிஞர் கூடிப் பணியாற்றும் இடத்திற் பொதுச் சொத்தாகியுள்ளது. செல்வம் குறைந்த நாடுகளின் நோக்கில் இதன் முக்கியத்துவம் பெரிது: எவரிடமும் விலைகொடுத்து உரிமம் பெறாமல், பெரிய ஆய்வுகூடங்கள் பயன்படுத்தும் அதே கருவியை அவையும் கையாளலாம்.

இயங்கிக்கொண்டே மாறுதல்

பழையதை ஒரே நாளில் அகற்றிவிட்டுப் புதியதை நிறுவுவது எளிதன்றோ எனச் சிலர் வினவலாம். புதிய பொறியொன்றுக்கு அது பொருந்தும். இயங்கும் பொறிக்கு அது பொருந்தாது. ஏனெனில், மாற்றத்துக்குப் பின் கற்றை பிழைத்தால், குற்றம் காந்தத்திலா, புதிய செய்நிரலிலா, பெயர் மாற்றத்திலா என அறிய வழியிராது. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, பழையதன் அளவீட்டோடு புதியதன் அளவீட்டை ஒப்பிட்டு, பின்னரே அடுத்ததைத் தொடுவது விஞ்ஞான முறையுமாகும்.

கலிபோர்ணியாவிலுள்ள ஸ்ரான்போர்ட் நேர்கோட்டு ஆர்முடுக்கி நிலையத்தின் அனுபவம் இதற்குச் சான்று. அங்கு 1980களில் வக்ஸ் கணனிகளில் அமைந்த பழைய தொகுதி, 3 கிலோமீற்றர் நீளமான ஆர்முடுக்கியை இயக்கியது. அதன் இறுதி மூன்றிலொரு பகுதியைக்கொண்டு அமைந்த ஊடுகதிர் லேசர் 2009இல் முதன்முதலாக ஒளி தந்தது. அதற்கு எபிக்ஸ் ஏற்கப்பட்டபோதும் பழைய தொகுதி உடனே நீக்கப்படவில்லை. ஒன்றன் மொழியை மற்றதற்கு மொழிபெயர்க்கும் இடைநிலைச் செய்நிரல்களின் துணையோடு இரண்டும் பல்லாண்டுகள் அருகருகே இயங்கின.

பெர்மி ஆய்வுகூடத்தின் புதுக்கற் திட்டமும் இத்தகைய படிமுறை மாற்றத்தையே வேண்டுவது. அதன் தேவையை அமெரிக்கச் சத்தித் திணைக்களம் 2020இல் முறைப்படி ஏற்றது. கட்டுப்பாட்டுத் தொகுதியுடன், ஆயுள் முடிவை எட்டிய மின்வழங்கிகளை மாற்றுவதும் அதில் அடங்கும். ஒவ்வொரு பழைய செய்நிரலையும் அவ்வாறே புதிய மொழியில் எழுதுவதா, அல்லது அச்செய்நிரல் எத்தேவையை நிறைவேற்றியது என ஆராய்ந்து அத்தேவைக்குப் புதுவழி காண்பதா என்பது இத்தகைய திட்டங்களை எதிர்நோக்கும் கடின வினாவாகும். முன்னது விரைவானது, ஆயின் பழைய பிழைகளையும் சுமந்து வரும். பின்னது தூயது, ஆயின் பழைய செய்நிரலுள் மறைந்துள்ள அனுபவத்தை இழக்கும் ஆபத்துடையது. இயக்குவோரை அருகிருத்தி அவர்களிடமிருந்து கேட்டறிவதே இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகும்.

முடிவுரை

இல்லத்தில் ஆக்கிய பழைய தொகுதிகளை இகழ்தல் தகாது. பொறியை அறிந்தோரே தமக்கு வேண்டிய செய்நிரலைத் தாமே எழுதும் உரிமையை அவை அளித்தன. இயக்குபவர் காலையிற் கண்ட குறையை மாலைக்குள் திருத்தக்கூடிய நெருக்கம் அங்கு நிலவியது. பொதுத் தொகுதியை ஏற்கும்போது இந்நெருக்கம் தளரக்கூடும். தொழில்கள் கூறுபட்டு, இயக்குவோர் வெறும் பொத்தானை அழுத்துவோராகத் தாழ்த்தப்படவும் கூடும். அறிவு சிலரிடம் மட்டும் அடைபட்டுக் கிடத்தல் பழைய முறையின் நோய். அறிவு இயக்குவோரின் கையிலிருந்து விலகிச் செல்லல் புதிய முறைக்கு நேரக்கூடிய நோய்.

ஆகவே, புதுக்கல் வெற்றி பெற்றதா என்பதை அளக்கும் கோல் திரையின் அழகோ கணனியின் வேகமோ அன்று. பொறியின் ஒவ்வொரு விதிக்கும் உரிய காரணத்தை, நாளை பணியில் சேரும் இளைஞர் ஒருவர் எவரையும் இரக்காது கண்டறிய முடியுமா, கண்டறிந்ததைத் திருத்தும் உரிமையும் அவருக்கு உண்டா என்பதே அக்கோலாகும். மக்களின் வரிப்பணத்தால் எழுந்த பொறியின் அறிவு, ஒரு நிறுவனத்தின் உரிமத்திலும் தங்காது, ஒரு மனிதரின் நினைவிலும் தங்காது, தலைமுறைகளுக்குப் பொதுவாகத் தங்கவேண்டும். அவ்வாறு தங்காவிடின், காந்தங்கள் புதியனவாயினும் பொறி பழையதே.