வீட்டுத் தோட்டமும் செடிகளின் உறவுமுறையும்

தோட்டம் என்றால் மலேசியத் தமிழர் நினைவில் முதற்கண் வருவது ரப்பர்த் தோட்டமும் செம்பனைத் தோட்டமுமே. வீட்டையடுத்த சிறு தோட்டத்தைச் சங்கப் புலவர் படப்பை என வழங்கினர். பெருந்தோட்டத்தின் நடுவே, லயன் வீடுகளின் பின்புறத்தே தொழிலாளர் அமைத்த அந்தச் சிறு படப்பையே இக்கட்டுரையின் பொருளாகும். கெமாஸ் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கெமாஸ், நெகிரி செம்பிலானின் தம்பின் மாவட்டத்தில், ஜொகூர் எல்லையருகே உள்ளது. மேற்குக்கரை, கிழக்குக்கரை இருப்புப்பாதைகள் கூடும் இடம். ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசி அரிதானபோது மலாயா மக்களின் பசியாற்றியது மரவள்ளிக் கிழங்கு. 1974ஆம் ஆண்டில் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, இருக்கும் நிலத்தில் உணவுப்பயிர் இடுமாறு மக்களைத் தூண்டினார். ஆகவே படப்பை வெறும் பொழுதுபோக்கன்று. வருவாய் குறைந்த நாளிலும் குழம்புச் சட்டியை வெறுமையாக விடாத துணை அது.

ஆயினும் ஆசையோடு நட்ட செடி வாடுவதையும், வாடிய இடத்திலேயே மற்றொன்றை நட்டு அதனையும் இழப்பதையும் எங்கும் காண்கிறோம். இதற்குக் காரணம் உழைப்புக் குறைவன்று. மண்ணையும் செடிகளின் உறவையும் அறியாமையே.

முதலில் மண். ரப்பர் வளரும் செம்மண் பெரும்பாலும் புளிப்பு மிக்கது. ரப்பர் அப்புளிப்பைத் தாங்கும். காய்கறிகளுள் பல தாங்கா. நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே, ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் வரை சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து கிளறிவிட்டால் புளிப்புத் தணியும். அடுத்தது வெயில். வெண்டை, கத்தரி, மிளகாய், பயற்றங்காய் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலேனும் வேண்டும். மர நிழல் விழும் இடத்தில் இஞ்சி, மஞ்சள், பசலை, வெற்றிலை ஆகியவற்றை நடலாம். முருங்கை வறள்நிலத்து மரம். நீர் தேங்கினால் அதன் வேர் அழுகும். ஆதலின் அதனை மேட்டில் நடுக.

இனி உறவுமுறை. தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பகுத்தார். இன்றைய நிலைத்திணை நூலார் செடிகளைக் குடும்பங்களாக வகுப்பர். ஒரு குடும்பத்துச் செடிகள் பலவேளைகளில் ஒரே பகையையும் உடையன. இதுவே வீட்டுத் தோட்டக்காரர் அறிய வேண்டிய திறவுகோல்.

கத்தரி, தக்காளி, மிளகாய், சுண்டை ஆகிய நான்கும் ஒரு குடும்பம். நேற்றுவரை செழித்த செடி இன்று பச்சையாகவே தொங்கிவிட்டால், அதன் அடித்தண்டை அறுத்துத் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுக. சில நிமிடங்களில் பால்போன்ற இழை ஒழுகினால் அது பாக்டீரியா வாடல்நோய். மருந்து தெளித்துப் பயனில்லை, செடியை வேரோடு அகற்றுக, குப்பைக்குழியில் இடற்க. கத்தரி பட்ட இடத்தில் தக்காளியை நடுவது நோய்க்கு மீண்டும் விருந்து வைப்பதாகும். அங்கே சோளமோ பயறோ இடுக. இக்குடும்பத்துள் சுண்டையின் வேர் இந்நோயைப் பெரிதும் தாங்கவல்லது. ஆதலின் சுண்டை நாற்றின்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டி வளர்க்கும் முறை பல நாடுகளில் வழக்கிலுள்ளது.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரு குடும்பம் என்பது பலர்க்கு வியப்பளிக்கும். இரண்டின் தளிரையும் ஒரேவகை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் தின்னும். இளம்புழு பறவையெச்சம் போலத் தோன்றும். வளர்ந்தபின் இலைபோற் பச்சையாகும். காலையில் கையால் பொறுக்கி அகற்றுவதே போதும். பாகல், புடலை, பீர்க்கு, பூசணி ஆகியன மற்றொரு குடும்பம். இவற்றின் பொதுப்பகை காயைத் துளைக்கும் பழ ஈ. பிஞ்சிலேயே காகித உறை கட்டுக. புழுத்த காயை மண்ணில் விடாது பையிலிட்டு இறுகக் கட்டி அகற்றுக.

தோட்டப்புறத்துக்கே உரிய உறவு ஒன்றுண்டு. ரப்பரும் மரவள்ளியும் ஒரே ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை. கீறினால் இரண்டும் பால் வடிப்பவை. ரப்பரைக் கொல்லும் வெண்வேர் நோய் மரவள்ளியையும் பற்றும். மரம் வெட்டியபின் மண்ணில் தங்கும் அடிக்கட்டையில் அக்காளான் வாழ்ந்திருந்து, வெண்ணிற நூல்போல வேர்வழியே பரவும். வேறு குடும்பத்து மரங்களையும் அது தாக்கும். ஆதலின் பழைய ரப்பர்க் கட்டைகளையும் வேர்த்துண்டுகளையும் தோண்டி எடுத்த பின்னரே மரவள்ளித் தண்டை ஊன்றுதல் வேண்டும்.

உறவை நோக்கியபின் நோயின் குறியையும் நோக்குதல் வேண்டும். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சிறு சிலந்தி. இரண்டுக்கும், சிறிது சோப்புக் கரைத்த நீரில் வேப்பெண்ணெய் கலந்து, மாலைவேளையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம்.

தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. அவர்களாற் படப்பையின் மண்ணை உடன்கொண்டு செல்ல இயலவில்லை. முருங்கைக் கிளை, மரவள்ளித் தண்டு, வெண்டை விதை ஆகியவற்றை எடுத்துச் செல்லலாம். அவற்றை வளர்க்கும் அறிவையோ பிள்ளைகளிடம் ஒப்படைத்தாலன்றி அது நில்லாது. தமிழாசிரியர்கள் பள்ளி வளாகத்தில் நான்கு பாத்திகள் அமைத்து, பாத்திக்கொரு குடும்பமாக நட்டு, ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வருவார்களாயின், மாணவர் செடிப் பெயர்களையும் கற்பர்; அவற்றின் உறவையும் கற்பர். தொட்டியொன்றே நிலமாக வாய்த்தவர்க்கும் அவ்வறிவு உதவும்.