முதலாளியின் அறமும் தொழிலாளியின் மனமும்

கூட்டு வணிகக் கழகங்களிற் பங்குடையார் முகத்தைத் தொழிலாளர் அறியார். குடும்பத் தொழிலிலோ, வாக்களித்தவர் பெயரும் முகமும் உடையராய்க் கண்முன் நிற்கின்றனர். ஆதலின், தலைவனது அறம் பணியாளர் மனத்தை எங்ஙனம் மாற்றும் என்பதை ஆராய்தற்கு அத்தகைய தொழிலே தக்க இடம். இங்கிலாந்தின் காட்பரி குடும்பத்தை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

க்வேக்கர் சபையினரான ஜான் காட்பரி 1824-இல் பர்மிங்காம் நகரிற் கடை திறந்தார். 1861-இல், நலிந்திருந்த அத்தொழிலை அவர்தம் புதல்வர் ரிச்சர்டும் ஜார்ஜும் ஏற்றனர். தாய்வழி வந்த பொருளை முதலாக இட்டு, தம் செலவையும் சுருக்கிக்கொண்டனர். 1879-இல் நகர நெருக்கத்தினின்று நீங்கிப் போர்ன்வில்லில் ஆலை அமைத்தனர். ஜார்ஜ் 1895 முதல் அங்குத் தோட்டமுடைய வீடுகளைக் கட்டுவித்து, 1900-இல் அவற்றை ஓர் அறநிலையத்திற்கு ஒப்புவித்தார். 1906-இல் ஆடவர்க்கு ஓய்வூதிய நிதி ஏற்பட்டது.

தலைவன் தன்னலத்தைக் குறைத்துக்கொள்ளக் கண்ட பணியாளர் அவன் சொல்லை நம்புவர். நம்பியவர் குறை கூற அஞ்சார். குறை வெளிப்படின் பிழை திருந்தும். அச்சத்தால் விளையும் உழைப்பு கண்காணி அகன்றதும் தளரும். நம்பிக்கையால் விளைவது தளராது.

நிற்க, ஈண்டு ஓர் இடரும் உண்டு. முதலாளி தந்தையாகவே நின்றால், தொழிலாளர் என்றும் சிறுவராவர். போர்ன்வில்லில் மதுக்கடை இல்லை. மணம்புரிந்த பெண்டிர் வேலையினின்று நீங்கவேண்டியிருந்தது. தொழிலாளரின் பிரதிநிதிகளும் அமர்ந்த ஆலை மன்றங்கள் 1918-இல் தோன்றிய பின்னரே கொடை ஓரளவு உரிமையாயிற்று.

இதனினும் கடிய சோதனை ஒன்று நேர்ந்தது. தாம் கொக்கோ வாங்கிய சான் தோமே தீவில், அங்கோலாவினின்று கொணரப்பட்டோர் அடிமைகள்போல் உழைக்கின்றனர் என்பதை வில்லியம் காட்பரி 1901-இல் கேள்வியுற்றார். வாங்குதல் நின்றதோ 1909-இல். அவ்வாண்டே ஒரு பத்திரிகையின்மேல் தொடுத்த அவதூறு வழக்கில் அக்கழகத்தார் வென்றனர். ஆயினும் பெற்ற ஈடு ஒரு பார்த்திங், அஃதாவது காற்பென்னி மாத்திரமே. கண்முன் நிற்கும் தொழிலாளிக்கு இரங்குதல் எளிது. காணாத் தொழிலாளிக்கு இரங்குதலே அறத்தின் அளவுகோல் என்பது இதனாற் புலனாம்.

அத்தொழில் கைம்மாறி 2010-இல் அமெரிக்கக் கழகமொன்றின் உடைமையாயிற்று. போர்ன்வில் அறநிலையமோ இன்றும் நிலைபெற்றுள்ளது. நம் மாணவருட் சிலர் நாளைத் தந்தையின் கடையையோ ஆலையையோ ஏற்கவிருப்பவர். உக்கிராணக்காரனிடம் கணக்குக் கேட்கப்படும் என ஆலயத்திற் கேட்கும் நாம், அக்கணக்கேட்டிற் பணியாளர் மனமும் ஒரு பக்கம் என்பதை மறவாதிருப்போமாக.