சொல்லும் சோறும்

தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால், 'யாரோ நினைக்கிறார்கள்' என்று சொல்லி உச்சந்தலையில் தட்டும் வழக்கம் தமிழர் வீடுகளில் இன்றும் உண்டு. தொண்டைக்குள் நிகழ்வதோ வேறு. அங்கே மூச்சுக்குழலும் உணவுக்குழலும் அருகருகே அமைந்துள்ளன. விழுங்கும் கணத்தில் குரல்வளை மேலெழும்புகிறது. அதன் மூடி கவிந்து மூச்சுவழியை மறைக்கிறது. குரல்நாண்கள் நெருங்கி இறுகுகின்றன. மூச்சும் சற்றே நிற்கிறது. இவற்றுள் ஒன்று பிந்தினாலும் நீர் தவறான வழியில் இறங்கிவிடும். இருமல்தான் அதனை வெளியே தள்ளுகிறது.

பேசுவதற்கும் விழுங்குவதற்கும் உதவும் உறுப்புகள் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே பக்கவாதம், பார்க்கின்சன் நோய், தலைக்காயம் ஆகியவற்றால் மூளை தாக்கப்படும்போது சொல்லும் சோறும் சேர்ந்தே தடைபடக்கூடும். இரண்டையும் சீராக்க உதவுபவர் பேச்சுப் பயிற்சியாளர். திக்கிப் பேசும் குழந்தைகளுக்கு மட்டுமே அவர் தேவை என்று பலர் எண்ணுகின்றனர்; பெரியவர்களுக்கும் அவர் தேவை. இத்துறைக்கென மைசூரில் 1965ஆம் ஆண்டு அனைத்திந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் தொடங்கப்பட்டது.

வலுவிழந்த தொண்டைக்குப் பல வேளைகளில் பெருந்தொல்லை தருவது வெறும் தண்ணீரே. அது விரைந்து ஓடுவதால், மூச்சுவழி மூடுவதற்குள் உள்ளே நுழைந்துவிடுகிறது. ரசம் சோறும் எளிதன்று. நீரும் பருக்கையும் வெவ்வேறு விரைவில் நகர்வதால் தொண்டை தடுமாறுகிறது. சிலருக்கு நீர் தவறான வழியில் சென்றாலும் இருமலே வருவதில்லை. இதுவே பேராபத்து, நுரையீரலில் சளிக்காய்ச்சல் வந்த பின்னரே வீட்டார் அறிவர். ஐயம் இருப்பின், பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து ஊடுகதிர்ப் படமாகப் பார்ப்பார்கள். பிறகு, எந்த உணவை எவ்வளவு குழைவாகத் தரலாம், தலையை எப்படி வைத்து விழுங்கலாம் என்று பயிற்சியாளர் முடிவு செய்வார். நிமிர்ந்து அமர்ந்து, சிறு சிறு வாயாக உண்பது பொதுவான முறை. படுக்கையில் சாய்ந்திருப்பவருக்கு அன்பு மிகுதியால் நீர் புகட்டுவது தீங்காகிவிடும்.

இனி, சொல்லின் செய்தி. 1861ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்னும் மருத்துவர், 'டான்' என்னும் ஒலியை மட்டுமே சொல்ல முடிந்த ஒரு நோயாளியைக் கண்டார். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்தபோது, இடப்பக்கத்தின் முற்பகுதி சிதைந்திருந்தது. பிறர் சொன்னது அவருக்குப் பெருமளவு புரிந்தே இருந்தது. இவ்வாறு மொழியாற்றல் குறைவதை அஃபேசியா என்பர். குறைவது மொழி, அறிவு அன்று. செவி நன்றாக இருப்பவரிடம் உரக்கக் கத்துவதும், பேரக்குழந்தையைப் போல் கொஞ்சுவதும் அவரைப் புண்படுத்தும். தம் பெயரைச் சொல்ல இயலாத ஒருவர், சிறுவயதில் மனப்பாடம் செய்த பாட்டைத் தடையின்றிப் பாடுவதும் உண்டு. பயிற்சியாளர் சில வேளைகளில் அந்த இசையைப் பற்றிக்கொண்டே சொற்களை மீட்கிறார்.

பல மொழி அறிந்தவர்க்கு எல்லா மொழிகளும் ஒரே அளவில் கெடுவதில்லை. ஒரே விரைவில் மீள்வதும் இல்லை. சிலர்க்குத் தாய்மொழி முதலில் திரும்பும். சிலர்க்கு அன்றாடம் புழங்கிய மொழி. தில்லியிலோ போபாலிலோ வாழும் ஒரு தமிழ்ப் பாட்டியை இந்தியில் மட்டும் சோதித்தால், அவரிடம் எஞ்சியிருக்கும் மொழி முழுதும் வெளிப்படாமல் போகலாம். பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாதபோது, தமிழும் இந்தியும் அறிந்த பேரனோ பேத்தியோ துணைநிற்க முடியும். தண்ணீர், போதும், வலிக்கிறது, கழிவறை என்னும் சொற்களைப் படத்துடன் அட்டைகளில் தமிழில் எழுதித் தரலாம். 'ஆம்', 'இல்லை' என்று தலையசைத்தால் போதுமான கேள்விகளைக் கேட்டு, விடைக்காகப் பொறுமையுடன் காத்திருக்கலாம். பாத்திரத்தின் படத்தைக் காட்டும்போது திருநெல்வேலிப் பாட்டி 'ஏனம்' என்றால், அது பிழையன்று, அவர் ஊரில் பாத்திரத்திற்கு வழங்கும் சொல் என்று பயிற்சியாளருக்கு எடுத்துச் சொல்லலாம்.