பின்வாங்கிய சிறுவனும் முன்வந்த சிறுமியரும்

2021 மே மாதம், லாஸ் ஏஞ்சல்ஸ் பொது நூலகமொன்றில் நான்கு சிறுமியர் பாடிய ‘ரேசிஸ்ட், செக்ஸிஸ்ட் பாய்’ எனும் பங்க் ராக் பாடல் உலகெங்கும் பரவியது. ‘லிண்டா லிண்டாஸ்’ குழுவினர் ஆசிய, லத்தீன் அமெரிக்க வழியினர். டிரம்ஸ் வாசித்த மிலாவுக்கு அப்போது வயது 10. கொரோனா ஊரடங்குக்குச் சற்று முன்னர், சீனர்களிடமிருந்து விலகியிருக்கும்படி தன் தந்தை சொன்னதாக வகுப்புத் தோழனொருவன் அவரிடம் கூறினான். தானும் சீன வழியினள் என்று மிலா சொன்னதும் பின்வாங்கினான். அந்தப் பின்வாங்கல் எத்தகையது என்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மிலாவும் பாஸ் கிதார் வாசிக்கும் எலாய்ஸும் அதைப் பாடலாக்கினர்.

பங்க் இசைக்கு நீண்ட பயிற்சியோ எவர் அனுமதியோ தேவையில்லை என்பார்கள். ஆனால் மேடைக்கு முன்னிருந்த இடத்தை ஆண்களின் முரட்டு ஆட்டமே பிடித்திருந்தது. 1990களில் ‘பிகினி கில்’ பாடகி கேத்லீன் ஹன்னா பெண்களை அங்கே அழைத்து நிறுத்தினார். அவ்வழைப்பின் பின்னிருந்த ‘ரயட் கேர்ள்’ இயக்கத்திலோ வெள்ளையினப் பெண்களே மிகுந்திருந்தனர். கறுப்பினப் பெண்கள் அதை அன்றே சுட்டிக்காட்டினர். பாலினத்தை மட்டும் பேசும் மேடைகளை நாமும் அறிவோம்.

2019இல் அதே ‘பிகினி கில்’ நிகழ்ச்சிக்கு முன்னதாக இச்சிறுமியர் மேடையேறினர். 2022இல் வெளிவந்த அவர்களின் முதல் முழுநீளத் தொகுப்பு, நூலகத்தில் பாடிய அப்பாடலோடுதான் முடிகிறது.