அவிழ்க்கும்போது நடக்கும் கதை

வீடியோ கேமில் புதிர் என்றதும் பூட்டிய கதவும் எங்கோ ஒளித்துவைத்த சாவியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அத்தகைய புதிர் கதையை நிறுத்திவைக்கிறது. புதிரை அவிழ்ப்பதே கதையை அறிவதாக அமைந்த ஆட்டங்களும் உண்டு. லூகாஸ் போப் 2018-இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' அதற்குச் சிறந்த சான்று. 1807-ஆம் ஆண்டு, காணாமற்போன வணிகக் கப்பலொன்று ஆளின்றி இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்துக்குத் திரும்புகிறது. அதிலிருந்த 60 பேரின் கதி என்ன என்று கண்டறிய, கிழக்கிந்திய கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நாம் ஏறுகிறோம். கையில் ஒரு மாயக் கடிகாரம். பிணத்தருகே அதைத் திறந்தால் இறந்தவரின் கடைசி நேரத்துச் சத்தங்கள் கேட்கும். பிறகு அவர் இறந்த கணம் உறைந்து நிற்க, அதற்குள் நடந்து பார்க்கலாம். பெரும்பாலோரின் பெயரை ஆட்டம் சொல்லாது. பேச்சுவழக்கு, உடுப்பு, படுக்கும் தூளியின் எண் ஆகியவற்றைப் பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்டு நாமே துப்பறிய வேண்டும். ஒரு மாலுமி யாரோடு ஒட்டி நின்றார், யாரைக் காப்பாற்ற ஓடினார் என்று கவனிக்காமல் அவர் பெயர் கிடைக்காது. வருணனை செய்யவேண்டிய வேலையை இங்கே அந்தக் கவனிப்பு செய்துவிடுகிறது.

குருட்டாம்போக்கில் ஊகித்துத் தப்பலாமே என்று கேட்கலாம். மூவரின் கதி சரியாக அமைந்தால்தான் ஆட்டம் உறுதிசெய்யும் என்பதால் அந்த வழி பெரும்பாலும் அடைபடுகிறது. ஒருமுறை அவிழ்த்த புதிர் மறுபடி புதிராக இருக்காது என்ற குறை மட்டும் உண்மை. அதற்கு மாற்று இல்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம், கணக்குப் போடும் மூளை கண்கலங்காது என்பது. ஜோசஃப் ஃபாரெஸ் இயக்கி 2013-இல் வந்த 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' அதை மறுக்கிறது. அதில் சகோதரர் இருவரையும் நாமே இயக்குகிறோம்: கன்ட்ரோலரின் இடப்பக்கம் அண்ணனுக்கு, வலப்பக்கம் தம்பிக்கு. தாய் நீரில் மூழ்கி இறந்ததைக் கண்ட தம்பிக்குத் தண்ணீர் என்றாலே பயம். அண்ணன் முதுகைப் பற்றியே நீரைக் கடப்பான். அண்ணன் இறந்தபின் தம்பி தனியாக ஆற்றங்கரையில் நிற்கிறான். அவனுக்குரிய பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் இறங்க மறுக்கிறான். இதற்கு விடை, அதுவரை வேலையற்றுக் கிடந்த அண்ணனின் பட்டன். இடக்கை விரல் அதை அழுத்தும்போது தம்பி நீந்தத் தொடங்குகிறான்.