வயலுக்குப் போகும் வண்டியும் நெடுஞ்சாலைக் காவலும்

சொந்தக் காணியை விட்டு வந்தவர்கள் பிழைப்புக்காகப் பிறர் காணியில் கூலி வேலை செய்ய நேரிடுகிறது. விடியுமுன் ஒரு லொறி அல்லது உழவு இயந்திரப் பெட்டி வரும். நாம் ஏறிக் கொள்கிறோம். பிரேக் சரியா, சாரதி இரவு நித்திரை கொண்டாரா என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் நாளைக்கு வேலை கிடைக்குமா என்ற பயம் நமக்கு.

இதே பயத்தோடு வண்டி ஏறியவர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலும் இருந்தார்கள். அங்கே இந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு நெடுஞ்சாலை ரோந்துப் படையிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

கலிபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் படை 1929ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அதற்கு முன் ஒவ்வொரு மாவட்டத்திலும் வீதிச் சட்டம் ஒவ்வொரு விதமாக நடைமுறைப்படுத்தப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒழுங்கு வேண்டும் என்பதே புதிய படையின் நோக்கம். நகரங்களுக்குள் நகரப் பொலிசார் கடமை செய்வார்கள். பெருந்தெருக்களிலும் நகர எல்லைக்கு வெளியேயுள்ள கிராமப்புற வீதிகளிலும் போக்குவரத்தைக் கவனிப்பது இப்படையின் வேலை. வேகத்தைக் கட்டுப்படுத்துதல், குடிபோதையில் ஓட்டுவோரைப் பிடித்தல், விபத்துக்களை விசாரித்தல், பார லொறிகளையும் பாடசாலை பஸ்களையும் பரிசோதித்தல் என்பன அதன் கடமைகளிற் சில.

ஆனால் படை ஒன்று இருந்தால் மட்டும் போதாது. 1963 செப்டெம்பர் 17ஆந் திகதி, சலினாஸ் பள்ளத்தாக்கில் சுவாலார் என்ற ஊருக்கு அருகே, அறுவடை முடிந்து திரும்பிய தொழிலாளர் வண்டி புகையிரதக் கடவையில் மோதுண்டது. 32 பேர் இறந்தனர். அது மனிதரை ஏற்றுவதற்கென்று செய்த வண்டியல்ல. பாரமேற்றும் லொறியில் பலகை வாங்குகளைப் போட்டு பஸ் போல ஆக்கியிருந்தார்கள். இறந்தவர்களிற் பெரும்பாலானோர் மெக்சிக்கோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள்.

36 ஆண்டுகள் கழித்து, 1999 ஓகஸ்ட் 9ஆந் திகதி, பிரெஸ்னோ மாவட்டத்தில் பைவ் பொயின்ற்ஸ் என்ற இடத்தின் அருகே ஒரு வான் பெரிய லொறியொன்றுடன் மோதியது. இரவு முழுவதும் தக்காளி வேலை செய்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பியவர்களில் 13 பேர் மாண்டனர். வானின் பின்புறத்தில் பக்கவாட்டாக வாங்குகள் மட்டுமே இருந்தன. ஆசனப் பட்டி இல்லை. சட்டம் இதைத் தடுக்கவில்லையா? இல்லை. மற்றவர்களுக்குக் கட்டாயமாக இருந்த ஆசனப் பட்டிச் சட்டத்திலிருந்து விவசாயத் தொழிலாளர் வாகனங்களுக்கு விலக்களிக்கப்பட்டிருந்தது!

மக்கள் கொதித்தெழுந்தனர். அந்த ஆண்டே சட்டம் மாற்றப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஆசனப் பட்டி வேண்டும். ஆசனங்கள் வண்டியோடு உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும். கத்தி முதலிய கூரிய ஆயுதங்கள் மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. இத்தகைய வாகனங்களை ரோந்துப் படை ஆண்டுதோறும் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறது. சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் தண்டம். அத்துடன் படையினர் தொழிலாளர் இருக்கும் இடங்களுக்குச் சென்று, ஸ்பானிய மொழியில் அவர்களின் பாதுகாப்புப் பற்றி விளக்குகிறார்கள். கூலியாள் பொலிசைக் கண்டு பயந்தால் பழுதான வண்டியைப் பற்றி வாய் திறக்க மாட்டான். அந்தப் பயத்தைப் போக்குவதும் காவலின் ஒரு பகுதியே.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? வீதிக் காவல் என்பது மறித்துத் தண்டம் அறவிடுவது மட்டுமல்ல. வண்டி வீதிக்கு வருமுன்பே அதைச் சோதிப்பதுதான் உயிர்களைக் காக்கும். சட்டத்திலுள்ள ஒரு சிறு விலக்கு ஏழைகளின் தலையில்தான் விழும். வண்டி பாதுகாப்பாக இருக்க வேண்டிய பொறுப்பு, அதில் ஏறுகிற கூலியாளுக்கல்ல; அதை அனுப்புகிறவருக்கே உரியது.

ஆகவே, நாளை வேலைக்குப் புறப்படுமுன் ஒருவர் தனியாகக் கேட்காமல், எல்லோரும் சேர்ந்து சாரதியிடம் கேட்போம்: பிரேக் பிடிக்கிறதா? விளக்கு எரிகிறதா? எத்தனை பேரை ஏற்றப் போகிறீர்கள்? ஒருவர் கேட்டால் அவருடைய வேலை போகலாம். இருபது பேர் கேட்டால் வண்டியைத் திருத்தித்தான் ஆக வேண்டும்.