படை போனது, பணம் நின்றது, அரசு விழுந்தது

2025 அக்டோபரில் டெல்லி சாணக்கியபுரியின் ஆப்கன் தூதரகத்தில் விநோதமான காட்சி. வெளியே கம்பத்தில், வீழ்ந்துபோன குடியரசின் மூவண்ணக் கொடி. உள்ளே மேசை மேல் தாலிபானின் சின்ன வெள்ளைக் கொடி. அருகில் அவர்களின் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தாகி. பழைய அரசின் தூதர்கள் ஆளும் பணமும் இல்லையென்று 2023இலேயே அலுவலகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

ஒரு நாட்டைத் 'தோற்ற அரசு' என்று எப்போது சொல்வது? இதற்கென்று வாஷிங்டனில் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் தயாராகிறது. அதில் 12 அளவுகோல்கள். வெளிநாட்டுத் தலையீடு அவற்றில் ஒன்று. ஆப்கானிஸ்தானைப் பார்த்தால், பன்னிரண்டில் ஒன்றாக அதை எண்ணுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. மற்றவற்றில் பல அதிலிருந்தே கிளைத்தவை.

சோவியத் படை 1979 டிசம்பரில் நுழைந்தது, 1989 பிப்ரவரியில் வெளியேறியது. மாஸ்கோ ஆதரவோடு காபூலை ஆண்ட நஜிபுல்லாவின் ஆட்சி மறுநாளே கவிழும் என்றார்கள். கவிழவில்லை. ஜலாலாபாத்தைப் பிடிக்க வந்த முஜாகிதீன்களை அதே ஆண்டு அவருடைய ராணுவம் விரட்டியது. மாஸ்கோவிலிருந்து கோதுமையும் எரிபொருளும் ஆயுதமும் வந்தவரை அரசு நின்றது. 1991 இறுதியில் சோவியத் ஒன்றியமே கலைந்தது. 1992 ஏப்ரலில் காபூலும் வீழ்ந்தது. நஜிபுல்லாவின் மனைவியும் மகள்களும் முன்பே டெல்லிக்கு வந்துவிட்டார்கள். அவர்களிடம் வந்து சேரப் புறப்பட்ட அவரை விமான நிலையத்திலேயே தடுத்துவிட்டார்கள். ஐ.நா. வளாகத்தில் நான்காண்டுக்கு மேல் அடைக்கலம். 1996இல் தாலிபான்கள் இழுத்துவந்து கொன்றார்கள்.

அடுத்து வந்த அமெரிக்கா இன்னும் தாராளம். 2001க்குப் பிந்தைய காபூல் அரசின் செலவில் ஏறக்குறைய முக்கால்வாசி அயல்நாட்டு நிதி. வரி கொடுக்கும் குடிமக்களைவிட நிதி கொடுக்கும் தலைநகரங்களுக்குத்தான் அமைச்சர்கள் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஊழலைக் குற்றம் சொல்கிறார்கள், நியாயம்தான். ஆனால் கேட்க ஆளில்லாத பணத்தைக் கொண்டுவந்து கொட்டியவர்கள் யார்? 2020 பிப்ரவரியில் தோஹாவில் வாஷிங்டன் தாலிபானோடு ஒப்பந்தம் போட்டபோது காபூல் அரசுக்கு அங்கே நாற்காலியே இல்லை. அன்றே அந்த அரசு தோற்றுவிட்டது என்பேன். கடைசி அமெரிக்கச் சிப்பாய் விமானம் ஏறும் முன்பே, 2021 ஆகஸ்ட் 15 அன்று, அதிபர் அஷ்ரப் கனி நாட்டைவிட்டுப் போய்விட்டார்.

டெல்லியும் படை அனுப்பாமலே 300 கோடி டாலர் அளவுக்குச் செலவழித்தது. ஹெராத்தில் சல்மா அணை, ஜரஞ்ச்–டெலாராம் சாலை, காபூலில் நாடாளுமன்றக் கட்டடம். அணையும் சாலையும் இன்றும் பயன்படுகின்றன. நாடாளுமன்றக் கட்டடம் இருக்கிறது, நாடாளுமன்றம்தான் இல்லை.

இப்போதைய தாலிபான் ஆட்சி சுங்கம் வசூலிக்கிறது, எல்லைகளைக் கையில் வைத்திருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவதில்லை. இதைத் தோற்ற அரசு என்பதா, வென்ற கொடுங்கோல் என்பதா? டெல்லியின் லாஜ்பத் நகரிலும் போகலிலும் ரொட்டி சுட்டுப் பிழைக்கும் ஆப்கன் குடும்பங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அதனால் ஐ.நா. அகதி அட்டை கையில் இருந்தாலும் அவர்களுக்குச் சட்டப்படி உறுதியான இடம் இல்லை. இதற்கிடையே, இப்போதைய தாலிபான் ஆட்சியை முதலில் அங்கீகரித்த நாடு, 2025 ஜூலையில், ரஷ்யா. அங்கீகாரம் தராமலே டெல்லியும் அக்டோபரில் தன் காபூல் அலுவலகத்தைத் தூதரகமாக உயர்த்தியது.